எந்தப் படியால் அளப்பது? வேளாண் ஆராய்ச்சி நிலையங்களின் செயல்திறன், அடிப்படையிலிருந்து

போன புரட்டாசியில் எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினம் டீக்கடையில் நடந்த பேச்சு இது. புழுதி விதைப்பு முடிந்து எல்லாரும் மழைக்குக் காத்திருந்த நேரம்.

"இத்தனை வருசமா ஆராய்ச்சி பண்றோம்னு சம்பளம் வாங்குறாங்களே, நம்ம வயல்ல என்னத்த மாத்துனாங்க?" என்று ஒரு மாமா கேட்டார். பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் செல்போனில் ஒரு செய்தியைக் காட்டினான். "இல்ல மாமா, வருசத்துக்கு இத்தனை கட்டுரை போட்டிருக்காங்களாம். தரவரிசையில மேல இருக்காங்களாம்." மாமா செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கட்டுரைய விதைக்க முடியுமா தம்பி?" என்றார்.

இருவருமே ஒரு நிறுவனம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்றுதான் பேசினார்கள். மாமா தன் வயலை மட்டும் பார்த்தார், பையன் காகிதத்தை மட்டும் பார்த்தான். எவ்வளவு செலவில், எத்தனை ஆண்டில், யாரோடு ஒப்பிட்டு என்ற மூன்று கேள்வியும் இரண்டு பேச்சிலும் வரவில்லை. டீக்கடையை விடுங்கள். வளரும் நாடுகளில் வேளாண் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிற இடங்களிலும் பல நேரம் இப்படித்தான் பேச்சு ஓடுகிறது. எந்த நிலையத்தை வளர்ப்பது, எதை மூடுவது என்ற முடிவுகள் இந்த அரைகுறைக் கணக்குகளின் மேல் எடுக்கப்படுகின்றன. அதனால் அடிபடுவது இராமநாதபுரம் மாதிரியான காய்ந்த ஊர்கள்தான். மதிப்பீடுகளுக்காகப் படிவம் தூக்கிக்கொண்டு சில ஆண்டுகள் ஊர் ஊராகப் போன அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

## படகிலிருந்து தொடங்குவோம்

பாம்பனில் என் மச்சானுக்கு ஒரு படகு இருக்கிறது. கரை திரும்பியதும் எதிரே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "பாடு எப்படி?" பாடு என்றால் அன்று கிடைத்த மீன். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்பது வேறு. "டீசல் எவ்வளவு போச்சு?" இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் அன்றைக்குப் போனது லாபமா என்று சொல்ல முடியும்.

போட்டதை உள்ளீடு என்போம். டீசல், ஐஸ், ஆள் எல்லாம் உள்ளீடு. வந்ததை வெளியீடு என்போம். வெளியீட்டை உள்ளீட்டால் வகுத்தால் கிடைப்பது உற்பத்தித்திறன்.

ஒரு பேச்சுக்கு மூன்று படகுகளை வைத்துக்கொள்வோம். முதல் படகு 100 லிட்டர் டீசலில் 200 கிலோ மீன் கொண்டுவருகிறது. இரண்டாவது, 60 லிட்டரில் 150 கிலோ. மூன்றாவது, 80 லிட்டரில் 120 கிலோ. லிட்டருக்கு முறையே 2 கிலோ, 2.5 கிலோ, 1.5 கிலோ ஆகிறது. மீனை மட்டும் பார்த்தால் முதல் படகுதான் பெரிய ஆள். டீசலோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டாவது படகு முந்துகிறது.

இப்போது செயல்திறனுக்கு வருவோம். இதே கடலில், இதே பொருளை வைத்து, மிகச் சிறப்பாகச் செய்தவரோடு ஒப்பிட்டால் நாம் எத்தனை பங்கு வந்திருக்கிறோம் என்பதுதான் செயல்திறன். மூன்றாவது படகின் 1.5-ஐச் சிறந்த படகின் 2.5-ஆல் வகுத்தால் 0.6. அதாவது 60 விழுக்காடு. உற்பத்தித்திறன் தனியாக நிற்கும் எண். செயல்திறனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்றாக வேண்டும். பேச்சு குழம்புவதில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

## டீசல் மட்டும் இல்லையே

சரி, ஆட்களையும் கணக்கில் எடுப்போம். முதல் படகில் 4 பேர், இரண்டாவதில் 6 பேர், மூன்றாவதில் 5 பேர். ஆளுக்கு எத்தனை கிலோ என்று பார்த்தால் முதல் படகுக்கு 50, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 24. இப்போது முதல் படகு முன்னே வந்துவிட்டது. அது டீசலை அதிகம் குடிக்கிறது, ஆனால் ஆள் குறைவு. இரண்டாவது படகு நேர்மாறு. இரண்டில் எது சிறந்தது என்று சொல்ல முடியாது. இரண்டுமே தங்கள் வழியில் சிறந்தவைதான்.

இந்த இரண்டு சிறந்த படகுகளையும் இணைத்து ஒரு கோடு போடலாம். அதற்குப் பெயர் எல்லைக்கோடு. அன்றைய கடலில் எட்டக்கூடிய அளவு இதுதான் என்று அந்தக் கோடு காட்டுகிறது. மூன்றாவது படகு இந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்போம். முதல் படகின் வழியையும் இரண்டாவதின் வழியையும் பொருத்தமாகக் கலந்தால் அதே 120 கிலோவைச் சுமார் 55 லிட்டர் டீசலிலும் மூன்றரை ஆள் வேலையிலும் பிடித்திருக்கலாம். செலவழித்ததோ 80 லிட்டர், 5 பேர். இரண்டிலுமே ஏறக்குறைய 69 விழுக்காடு போதுமாக இருந்தது. ஆகவே அதன் செயல்திறன் 0.69. டீசலை மட்டும் பார்த்தபோது 0.6 என்று வந்தது நினைவிருக்கட்டும். படகும் மீனும் அதேதான், உள்ளீட்டில் ஒன்றைக் கூட்டியதும் மதிப்பெண் மாறிவிட்டது.

இந்த யோசனையை முறையாக எழுதியவர் ஃபாரெல் என்ற பொருளியலாளர், 1957இல். அவர் சோதித்துப் பார்த்ததே அமெரிக்க மாநிலங்களின் வேளாண் உற்பத்தியை வைத்துத்தான். 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் இதைப் பல உள்ளீடு, பல வெளியீட்டுக்குக் கணக்கிடும் முறையாக விரித்தார்கள். அதன் பெயர் டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ். சிறந்தவர்களை இணைத்து மற்றவர்களை ஓர் உறைபோலச் சூழ்வதால் அந்தப் பெயர். விலை தெரியாத பொருட்களையும் கிலோ, ஆள், எண்ணிக்கை என்று அப்படியே போட்டுக் கணக்கிடலாம் என்பதால் பள்ளி, மருத்துவமனை, ஆராய்ச்சி நிலையம் என்று சந்தையில் விலை இல்லாத வேலைகளுக்கெல்லாம் இது பரவியது.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, அதிர்ஷ்டத்துக்கு இதில் இடம் இல்லை. அன்று கடல் சரியில்லாமல் போனதற்கும் ஓட்டியவரின் சோம்பலுக்கும் ஒரே தண்டனை. இரண்டாவது ஓட்டைதான் மோசமானது. மீனை நண்டு, இறால், கணவாய், சாளை என்று எட்டு வகையாகப் பிரித்து, பத்தே படகுகளை ஒப்பிட்டால், அநேகமாக எல்லாப் படகும் ஏதோ ஒன்றில் முதலிடம் பிடித்துவிடும். எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. பத்துப் பன்னிரண்டு நிலையங்களையே வைத்துக்கொண்டு இருபது அளவைகளைப் போட்டு, 'பெரும்பாலான நிலையங்கள் முழுச் செயல்திறனுடன் இயங்குகின்றன' என்று ஓர் அறிக்கை சொன்னால் அதை நம்பத் தேவையில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வெளியீட்டை உள்ளீட்டால் வகுப்பது உற்பத்தித்திறன், சிறந்தவரோடு ஒப்பிடுவது செயல்திறன், சிறந்தவர்களை இணைப்பது எல்லைக்கோடு. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

## நிலையத்துக்குள் போவது என்ன?

படகு விஷயத்தில் உள்ளீட்டை எண்ணுவது சுலபம். ஆராய்ச்சி நிலையத்தில் அப்படி இல்லை. ஒரே அறிவியலாளர் காலையில் வகுப்பெடுப்பார், மதியம் விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுப்பார், மிச்ச நேரத்தில் நெல் கலப்பு செய்வார். அவரை ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் என்று எண்ணினால் நிலையம் சோம்பேறியாகத் தெரியும். அதனால்தான் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் நடத்திவந்த ஆஸ்டி என்ற தரவுத்திட்டம் முழுநேர நிகர் என்ற கணக்கை வைத்திருக்கிறது. பாதி நேரம் ஆராய்ச்சி செய்பவர் அரை ஆள். நாள்கூலியில் அரை நாளுக்கு அரைக் கூலி என்று போடுகிறோமே, அதே கணக்கு.

வேளாண்மை என்று அவர்கள் சொல்வதில் பயிர் மட்டுமல்ல, கால்நடை, காடு, மீன்வளம் எல்லாம் அடங்கும். நம் கடற்கரைக்கு இது முக்கியம். 1947இல் தொடங்கப்பட்டு மண்டபத்தில் வேர்விட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் குடும்பத்தில்தான் இருக்கிறது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போய்விட்டாலும் மண்டபத்தில் வேலை நடக்கிறது.

அடிக்கடி செய்தியில் வரும் ஓர் எண்ணையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டின் வேளாண் உற்பத்தி மதிப்பில் எத்தனை விழுக்காடு வேளாண் ஆராய்ச்சிக்குப் போகிறது என்பதை ஆராய்ச்சிச் செறிவு என்பார்கள். வளரும் நாடுகள் குறைந்தது 1 விழுக்காடாவது செலவிட வேண்டும் என்பது பல காலமாகச் சொல்லப்படும் இலக்கு. ஆஸ்டி கணக்குகளில் இந்தியாவின் எண் 0.3க்கும் 0.4க்கும் நடுவே நின்றுவந்திருக்கிறது. இது எவ்வளவு போடுகிறோம் என்பதை மட்டுமே சொல்கிறது. போட்டதை எப்படிப் பயன்படுத்தினோம் என்று சொல்லவில்லை.

அப்புறம், பணத்தின் அளவைவிட அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பது சில நேரம் அதிகம் சொல்லும். பல வளரும் நாடுகளில் ஆராய்ச்சி நிதியின் பெரும்பகுதி சம்பளமாகப் போய்விடுகிறது. ஆள் இருப்பார், வயல் சோதனைக்குப் போக ஜீப்புக்கு டீசல் இருக்காது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் வெளிநாட்டு உதவித் திட்டம் ஓடும் நான்கைந்து ஆண்டு சோதனை நடக்கும், திட்டம் முடிந்ததும் வயல் தரிசாகும். படகும் ஆளும் இருந்து டீசல் இல்லாத படகைப் பார்த்து, 'ஏன் மீன் வரவில்லை?' என்று கேட்டால் ஓட்டியவர் என்ன சொல்வார்? அங்கே குறை நிலையத்தின் வேலையில் இல்லை, பணத்தைப் பிரித்துக் கொடுத்தவரிடம் இருக்கிறது. செயல்திறன் கணக்கு இந்த இரண்டையும் தானாகப் பிரித்துக் காட்டாது.

## வெளியே வருவது என்ன?

இதுதான் கடினமான இடம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிலையத்தின் கதவைத் தாண்டி நேரடியாக வருவது வெளியீடு: கட்டுரை, புதிய ரகம், ஒரு தொழில்நுட்பம். அதை வெளியே உள்ளவர்கள் எடுத்துப் பயன்படுத்துவது விளைவு. அதனால் வருமானத்திலும் வாழ்க்கையிலும் நிலத்திலும் ஏற்படும் மாற்றம் தாக்கம். கட்டுரையை எண்ணுவது எளிது, அதனால் எண்ணுகிறார்கள். தாக்கத்தை எண்ணச் செலவும் காலமும் பிடிக்கும், அதனால் விட்டுவிடுகிறார்கள்.

நம் கடற்கரையிலேயே இதற்குச் சரியான பாடம் இருக்கிறது. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் தலைமுறையாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். ஒருமுறை சின்னப்பாலத்தில் ஓர் அக்காவின் கையைப் பார்த்தேன். துணி சுற்றிய இடம் வெளுத்து ஊறியிருக்க, துணிக்கு வெளியே இருந்த தோல் முழுக்கக் கோடு கோடாகக் காய்த்திருந்தது.

இந்தப் பெண்களுக்குப் பாசியைத் தேடாமல் வளர்க்க ஒரு வழி வந்தது. கப்பாஃபைகஸ் என்ற பாசியை மத்திய உப்பு மற்றும் கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. அதன் பூர்வீகம் பிலிப்பைன்ஸ். பத்தாண்டுக்கு மேல் சோதித்துவிட்டு, 1990களின் நடுவில் மண்டபம் கடலில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் உரிமம் பெற்று ஒப்பந்த முறையில் இறங்கியது. மூங்கிலால் கட்டிய 3 மீட்டருக்கு 3 மீட்டர் மிதவை, கயிற்றில் கட்டிய நாற்றுத்துண்டுகள், 45 நாளில் அறுவடை. ஐஸ்கிரீமிலிருந்து பற்பசை வரை கெட்டிப்படுத்த உதவும் கராஜீனன் என்ற பொருள் இதிலிருந்து கிடைக்கிறது. மகளிர் குழுக்களுக்குக் கையில் பணம் வந்தது.

அந்த நேரத்தில் கணக்கெடுத்தவர் மகிழ்ச்சியாக மதிப்பெண் போட்டிருப்பார். ஆனால் 2008இல் குருசடைத் தீவருகே இந்தப் பாசி பவளப்பாறைகள் மேல் படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலேயே கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பாசி எவ்வளவு ஆபத்து என்பதில் அறிவியலாளர்களிடையே வாக்குவாதம் நடந்தது. 2013ஐ ஒட்டிப் பாசி பெருமளவில் அழிந்து, வளர்ப்பு சரிந்தது. மிதவை கட்டிய பல குடும்பங்கள் மறுபடி மூழ்கப் போனார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த ஆராய்ச்சி வெற்றியா? கட்டுரை எண்ணிக்கையில் பார்த்தால் ஆம், பவளப்பாறை பற்றிய கட்டுரைகளும் சேர்ந்தே எண்ணப்படும். 2005இல் வருமானத்தை அளந்தால் ஆம். 2015இல் அளந்தால் சந்தேகம். பாறைக்கு ஏற்பட்ட பாதிப்பைக் கழித்தால் விடை இன்னும் மாறும். என் கருத்தில் அது மதிப்புள்ள வேலைதான், அந்தப் பெண்களுக்குப் பத்தாண்டு மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் கழித்தல் குறி இல்லாத கணக்கை நான் ஏற்கமாட்டேன். தீமையைக் கழிக்காத மதிப்பீடு டீசலைக் கழிக்காத மீன் கணக்கு மாதிரிதான்.

## பனை வைத்தவன்

'தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்பார்கள். நம் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சி பனை வகை. பணம் போடுவதற்கும் பலன் வருவதற்கும் இடையில் உள்ள இந்த இடைவெளியைக் காலத்தாமதம் என்கிறார்கள்.

வெள்ளத்தில் மூழ்கினாலும் சாகாத சொர்ணா சப் 1 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் தாங்கும் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நாட்டு ரகத்தில் இருந்தது. அது எந்த மரபணுவால் வருகிறது என்று கலிஃபோர்னியாவிலும் பிலிப்பைன்ஸிலும் தேடியவர்கள் 1990களில் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 2006இல் மரபணுவே பிடிபட்டது. அந்தக் குணத்தைச் சொர்ணா என்ற இந்திய நெல்லில் சேர்த்த ரகம் இந்தியாவில் வந்தது 2009இல். இதை 2000ஆம் ஆண்டில் மூன்றாண்டுத் தணிக்கை செய்திருந்தால் 'விதை ஏதும் வரவில்லை' என்று எழுதியிருப்பார்கள். அதோடு, இந்தப் பலனை யார் பெயரில் எழுதுவது? அந்த நாட்டு ரகத்தைத் தலைமுறையாகக் காத்த ஒடிசா விவசாயிக்கா, கலிஃபோர்னியாவுக்கா, பிலிப்பைன்ஸுக்கா, சொர்ணாவை உருவாக்கிய இந்திய நிலையத்துக்கா? ஒருவர் உழைப்பு வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலுக்குப் பாய்வதை வழிந்தோடல் என்கிறார்கள். சிறிய ஏழை நாடுகளின் நிலையங்கள் பல, அண்டை நாட்டு ரகத்தைத் தங்கள் மண்ணில் சோதித்துத் தேர்ந்தெடுப்பதையே பெரிய வேலையாகச் செய்கின்றன. அது சிக்கனமான, புத்திசாலித்தனமான வேலை. 'சொந்தக் கண்டுபிடிப்பு எத்தனை?' என்று கேட்கும் படிவத்தில் அதற்குப் பூஜ்யம்தான் விழும்.

காலத்தாமதம் இருப்பதால் வட்டிக் கணக்கும் வருகிறது. இருபது ஆண்டு கழித்து வரும் ரூபாய் இன்றைய ரூபாய் ஆகாது. போட்ட பணம் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வட்டி ஈட்டியதற்குச் சமம் என்று சொல்வதே திருப்பு விகிதம். 1958இல் கிரிலிக்கஸ் என்பவர் அமெரிக்காவின் வீரிய ஒட்டு மக்காச்சோள ஆராய்ச்சிக்கு இதைக் கணக்கிட்டார். அதில் வந்த 700 விழுக்காடு என்ற எண் உலகம் முழுக்கப் பரவியது. அதே தரவை வேறு வகையில் கணக்கிட்டால் 35 முதல் 40 விழுக்காடுதான் என்பதும் அவரே சொன்னது. அது அவ்வளவு பரவவில்லை.

2000இல் 292 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேளாண் ஆராய்ச்சியின் திருப்பு விகிதங்களின் நடுமதிப்பு, அதாவது எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண், ஆண்டுக்கு 40 விழுக்காட்டுக்கு மேல் நின்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ரூபாயை 40 விழுக்காடு கூட்டு வட்டிக்கு 50 ஆண்டு விட்டால் அது 2 கோடி ரூபாயைத் தாண்டும். எந்த ஆராய்ச்சியும் அப்படித் தரவில்லை. வழக்கமான சூத்திரம், வருகிற பலனையெல்லாம் மறுபடி அதே கொழுத்த வட்டிக்கே விட்டதாகப் பாவிக்கிறது. அதுதான் தகராறு. 2014இல் ஹர்லி என்ற பொருளியலாளரும் கூட்டாளிகளும் அந்தப் பாவனையை மாற்றி மறுபடி கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 39 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. 10 விழுக்காடு என்பதே நல்ல முதலீடு. ஊதிப்பெருக்கிய எண்ணைக் காட்டி நிதி கேட்பதால் பிறகு நம்பிக்கைதான் குறைகிறது.

சுருக்கமாகச் சொன்னால், பலன் தாமதமாக வரும், பலருக்குப் பங்கு உண்டு, வட்டியை எப்படிப் போட்டோம் என்பதால் எண் நாலு மடங்கு மாறக்கூடும்.

## நடக்காமல் போன இழப்பு

1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிக் காடுகளில் ஒரு மாவுப்பூச்சி நுழைந்தது. தென்னமெரிக்காவிலிருந்து தப்பி வந்த பூச்சி, இங்கே அதற்கு எதிரி இல்லை. நைஜீரியாவில் உள்ள வெப்பமண்டல வேளாண்மைக்கான பன்னாட்டு நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, பராகுவேயில் கிடைத்த ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து 1981 முதல் விட்டது. குளவி பரவியது, மாவுப்பூச்சி அடங்கியது. 1988இல் வெளியான ஒரு மதிப்பீடு, செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 149 டாலர் பலன் என்றது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் பக்கமும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையாக மூடியது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வந்தன, பூச்சி அடங்கியது.

இந்த வேலையில் புதிய ரகம் இல்லை, விளைச்சல் ஏறவும் இல்லை. விளைச்சல் பழைய இடத்திலேயே நின்றது, அதுதான் சாதனை. 'போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு?' என்று கேட்கிற கணக்கில் இது கண்ணுக்கே தெரியாது. 'இந்த ஆராய்ச்சி இல்லாதிருந்தால் எவ்வளவு?' என்று கேட்டால்தான் தெரியும். இதை இல்லாதிருந்தால் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். கரையில் கட்டிய தடுப்புச் சுவரைப் பார்த்து 'இதனால் எத்தனை கிலோ மீன்?' என்று யாரும் கேட்பதில்லை, சுவர் இல்லாவிட்டால் எத்தனை வீடு போயிருக்கும் என்றுதான் கேட்போம்.

## யாரோடு ஒப்பிடுவது?

எல்லைக்கோட்டுக்குத் திரும்பி வருவோம். அது யாரை வைத்து வரையப்பட்டது என்பதில்தான் நீதி இருக்கிறது. காவிரிப் பாசன நிலையத்தையும் நம் மாவட்டத்து நிலையத்தையும் ஒரே கோட்டின் கீழ் நிறுத்தினால், நம்முடையது எப்போதும் கீழேதான் இருக்கும். இங்கே ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகும். மழை தவறினால் மூன்றாண்டுச் சோதனையில் ஓராண்டுத் தரவே போய்விடும். கடற்கரைப் பக்கம் கிணறு உப்பு. இந்த நிலத்துக்கென்று பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009இல் அண்ணா (ஆர்) 4 என்ற நெல்லைத் தந்தது. 100, 105 நாளில் வரும், வறட்சியைத் தாங்கும். தஞ்சாவூர் ரகங்களின் விளைச்சலோடு இதைப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத்தான் தெரியும். அந்த ரகங்களை இங்கே புழுதியில் விதைத்து, மழை இருபது நாள் தள்ளிப்போன பிறகு பக்கத்தில் வைத்தால் தெரிவது வேறு.

வறண்ட நிலத்து நிலையத்தை வறண்ட நிலத்து நிலையத்தோடு, சிறியதைச் சிறியதோடு, பயிற்சியும் விதை உற்பத்தியும் சேர்த்துச் சுமப்பதை அதே சுமை உள்ளதோடு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தும் ஒரு நிலையம் பின்தங்கி இருந்தால், அப்போது கேள்வி கேட்பது நியாயம், கேட்கவும் வேண்டும். மாமாவின் கோபத்தில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. பொதுப்பணத்தில் நடக்கும் வேலை மதிப்பீட்டுக்குத் தப்பக்கூடாது.

## படிவத்தில் இல்லாத மூட்டை

கடைசியாக, தரவு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ரகம் எவ்வளவு பரவியது என்று அறிய விதை விற்பனைக் கணக்கைத்தான் முதலில் எடுப்பார்கள். நாங்கள் டெப்போ என்று சொல்கிற வேளாண்மை விரிவாக்க மையத்தின் பதிவேடு அது. ஆனால் விதை பதிவேட்டோடு நிற்பதில்லை. ஒருவர் ஒரு மூட்டை வாங்குவார், அறுத்ததில் நல்லதாக எடுத்து வைப்பார், அடுத்த ஆண்டு சம்பந்தி வீட்டுக்கு அரை மூட்டை போகும், அங்கிருந்து இன்னொரு ஊருக்கு.

சரி, விவசாயியிடமே கேட்டுவிடலாம் என்றால் அதிலும் சிக்கல். கானாவில் மரவள்ளி வயல்களில் இலையை எடுத்து மரபணுச் சோதனை செய்து பார்த்தார்கள். விவசாயி சொன்ன பெயருக்கும் வயலில் நின்ற ரகத்துக்கும் பல இடங்களில் பொருத்தம் இல்லை. இப்போது பல நாடுகளில் பரவலை அளக்க இந்தச் சோதனையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். செலவு குறைந்துகொண்டே வருவதால் நம் மாவட்டத்திலும் செய்ய முடியாத காரியமில்லை.

ஆர்.எஸ். மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் படிவம் நிரப்பியபோது, எந்த ரகம் என்று கேட்டேன். அந்த அம்மா, "எங்க அண்ணன் குடுத்த நெல்லுப்பா" என்றார்கள். ரகத்தின் பெயர் என்று ஒரு கட்டமும், விதை எங்கே வாங்கியது என்று ஒரு கட்டமும் இருந்தன. இரண்டாவதில் டெப்போ, தனியார் கடை என்று இரண்டே விடைகள். உள்ளே போய் ஒரு பிடி நெல்லை அள்ளிவந்து என் கையில் போட்டார்கள். "மழை இல்லாம நின்னுச்சு, அதான் வச்சிருக்கோம்" என்றார்கள். அந்த நெல்லை ஒரு காகிதத்தில் மடித்துப் படிவத்தோடு பின் அடித்து அனுப்பினேன். ரகம் என்ற கட்டத்தில் 'தெரியாது' என்றுதான் எழுத முடிந்தது.